உயரம் ஒன்றுதான் அளவுகோலா?

வளர்ச்சி குன்றிய குழந்தையின் பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவுகள்

இரவு மணி பத்து. பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். சாப்பாட்டு மேசையின் இருபுறமும் கணவனும் மனைவியும் பேச்சின்றி அமர்ந்திருக்கிறார்கள். நடுவே மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த காகிதங்கள் கிடக்கின்றன.

"ஏங்க, நாளைக்கு அவன் பெரியவனானதும், 'எனக்கு ஏன் அப்போதே வைத்தியம் பார்க்கவில்லை?' என்று கேட்டால் நாம் என்ன சொல்வது?" என்கிறாள் மனைவி.

கணவன் சற்று நேரம் கழித்துப் பதில் சொல்கிறான்: "'என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் காலை ஏன் அறுத்தீர்கள்?' என்று கேட்டால்? அதற்கு என்ன சொல்வது?"

அடுத்த அறையில் உறங்கும் மகனுக்கு வயது ஆறு. நன்றாகப் படிக்கிறான், நன்றாகப் பாடுகிறான், வாயைத் திறந்தால் வீடே சிரிக்கும். ஆனால் நான்கு வயதுத் தங்கை அவனைவிட உயரமாகிவிட்டாள். கோவிலில் புதுநன்மை வகுப்புப் பிள்ளைகளை உயர வரிசைப்படி நிறுத்தும்போது அவன் முதலாவதாக நிற்பான் என்பது தாய்க்கு இப்போதே தெரியும்.

அன்பார்ந்த பெற்றோரே, இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை அன்று. எலும்பு வளர்ச்சிக் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகளின் வீடுகளில் என்றேனும் ஓர் இரவு நடந்தே தீரும் உரையாடல் இது. உலகில் ஏறத்தாழ 25,000 குழந்தைகளுக்கு ஒரு குழந்தை வீதம் அகோண்ட்ரோபிளேசியா என்னும் நிலையுடன் பிறக்கிறது. உயரக் குறைவை உண்டாக்கும் எலும்புக் கோளாறுகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இதனைப் பற்றித் தெளிவாக அறிந்திருப்பது, அத்தகைய பிள்ளையைப் பெற்றவர்களுக்கு மட்டுமன்று, அப்பிள்ளையோடு ஒரே தெருவிலும் ஒரே பங்கிலும் வாழும் நம் எல்லோருக்குமே தேவையாகும்.

இது எதனால் வருகிறது?

குழந்தையின் கை கால்களிலுள்ள நீண்ட எலும்புகள் அவற்றின் முனைகளில்தான் வளர்கின்றன. அங்கே குருத்தெலும்பால் ஆன மெல்லிய தட்டு ஒன்று உண்டு. அதிலுள்ள உயிரணுக்கள் பெருகி, அடுக்கடுக்காக நின்று, பிறகு எலும்பாக மாறுகின்றன. பருவ வயது முடியும்போது அத்தட்டு முற்றிலும் எலும்பாகி மூடிக்கொள்கிறது. அதன்பின் யாரும் வளர்வதில்லை.

வண்டிக்கு ஓட்டும் விசையோடு தடுக்கும் கட்டையும் இருப்பதுபோல, இவ்வளர்ச்சிக்கும் உடலில் ஒரு தடுப்பு உண்டு. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்னும் மரபணுவின் வேலை அதுவே. அதில் ஒரே ஓர் எழுத்து மாறிவிட்டால் தடுப்பு விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். குருத்தெலும்பு எலும்பாக மாறுவது மந்தமாகிவிடும். ஆகையால் தோள்பட்டையிலிருந்து முழங்கை வரையும், இடுப்பிலிருந்து முழங்கால் வரையும் உள்ள பகுதிகள் குறிப்பாகக் குறுகி நிற்கின்றன. உடற்பகுதி ஏறக்குறைய இயல்பான நீளமாகவே இருக்கும். தலை சற்றுப் பெரிதாகவும் நெற்றி முன்தள்ளியும் இருக்கும். அறிவுக்கு எக்குறையும் இராது. இம்மரபணு மாற்றம் 1994-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இக்குறைபாட்டுடன் வளர்ந்த ஆண்களின் சராசரி உயரம் சுமார் 131 சென்டிமீட்டர். பெண்களுக்குச் சுமார் 124 சென்டிமீட்டர்.

குற்றவாளி யாருமில்லை

இத்தகைய குழந்தை பிறந்த வீட்டில் முதலில் எழுவது மருத்துவக் கேள்வி அன்று, பழிதான். "கிரகணத்தன்று வெளியே வந்தாயா?" என்று ஒருவர் கேட்பார். "மாசமாக இருந்தபோது ஒழுங்காகச் சாப்பிட்டாயா?" என்பார் மற்றொருவர். "யார் விட்ட சாபமோ!" என்று பெருமூச்சு விடுவார் இன்னொருவர். இவையெல்லாம் பிள்ளை பெற்ற உடம்போடு படுத்திருக்கும் தாயின் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கும்.

உண்மை என்ன? இக்குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேரின் பெற்றோர் இயல்பான உயரம் உடையவர்களே. மரபணுவிலுள்ள அந்த ஓர் எழுத்து, கரு உருவாகும் வேளையில் புதிதாக மாறுகிறது. அவ்வாறு புதிதாகத் தோன்றும் மாற்றம் தந்தையின் விந்தணுவில் ஏற்படுவது என ஆய்வுகள் காட்டியுள்ளன. தந்தையின் வயது கூடக்கூட அதற்கான வாய்ப்பும் சற்றே கூடுகிறது. ஆகவே தாயைக் குறைகூறுவோர் பேசாதிருப்பது நல்லது. தந்தையைக் குறைகூறவும் இடமில்லை. இம்மாற்றத்தை எவராலும் வருவிக்கவோ தடுக்கவோ முடியாது. தாய் உண்ட உணவும், பார்த்த காட்சியும், பட்ட கவலையும் இதற்குக் காரணமல்ல.

அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆகுமோ என்ற அச்சமும் இயல்பே. பெற்றோர் இருவரும் இயல்பான உயரம் உடையவர்களாயின் அதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. இக்குறைபாடுள்ளவர் ஒருவர் மணந்து பெறும் குழந்தைக்கு இது வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று.

முதலில் காக்க வேண்டியது உயிரை

உயரத்தைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவது இயல்பு. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் கவலைப்பட வேண்டியது உயரத்தைப் பற்றியன்று.

மண்டையோட்டின் அடியிலே தண்டுவடம் இறங்கிவரும் துளை ஒன்று உண்டு. இக்குழந்தைகளுக்கு அத்துளை குறுகலாக இருக்கும். சிலருக்கு அது தண்டுவடத்தின் மேற்பகுதியை நெருக்கி, மூச்சை இயக்கும் நரம்பு மையங்களைத் தாக்கிவிடும். உரிய கவனிப்பு இல்லாத இடங்களில் முதல் ஆண்டிலேயே உறக்கத்தில் திடீரென உயிரிழந்த குழந்தைகள் உண்டு. ஆதலால் குழந்தை உறங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறதா, உடல் மிகத் துவண்டு கிடக்கிறதா, பால் குடிக்கத் திணறுகிறதா என்று கவனித்துப் பார்க்க வேண்டும். உறக்க ஆய்வும் எம்.ஆர்.ஐ. படமும் எடுக்கும்படி மருத்துவர் சொன்னால் காலந்தாழ்த்தலாகாது. நெருக்கம் மிகுதியாயின் அறுவை மருத்துவத்தால் அத்துளையை விரிவாக்க முடியும். அது உயரத்திற்காகச் செய்வதன்று, உயிருக்காகச் செய்வது.

தலையின் சுற்றளவைத் தவறாமல் அளந்து வர வேண்டும். அது விரைந்து பெருகினால் மூளையில் நீர் சேர்வதன் அறிகுறியாகலாம். உயரத்தையும் தலைச் சுற்றளவையும் ஒப்பிட்டுப் பார்க்க, இக்குழந்தைகளுக்கென்றே தனி வளர்ச்சி வரைபடங்கள் 1978 முதல் வழக்கில் உள்ளன. அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதைவிட அந்த வரைபடத்தோடு ஒப்பிடுவதே அறிவுடைமை.

இன்னொரு செய்தியைப் பாட்டிமார்கள் குறிப்பாகக் கேட்க வேண்டும். ஆறு மாதமாகிவிட்டதே என்று தலையணைகளை முட்டுக்கொடுத்து இக்குழந்தையை உட்கார வைக்காதீர்கள். தலை கனமாகவும் முதுகுத் தசை தளர்வாகவும் இருப்பதால், முன்கூட்டியே உட்கார வைத்தால் முதுகெலும்பு கூன் விழுந்து நிலைத்துவிடக் கூடும். முதுகை வளைத்து ஏந்தும் மென்மையான இருக்கைகளும் ஆகா. நம் வீடுகளில் வழங்கும் துணித் தூளியில் எவ்வளவு நேரம் கிடத்தலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிவது நன்று. இக்குழந்தைகள் பிந்தித்தான் உட்காருவார்கள். பலர் ஒன்றரை வயதுக்குப் பிறகே நடப்பார்கள். அது அறிவுக் குறைவின் அடையாளம் அன்று. கனமான தலையைக் குறுகிய கால்களால் தாங்கக் கற்றுக்கொள்ள அவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக நாள் பிடிக்கிறது; அவ்வளவே.

காதைப் பற்றியும் கவனம் தேவை. நடுக்காதில் அடிக்கடி சீழும் நீரும் கோத்துக்கொள்வதால் செவித்திறன் குறையலாம். காது கேளாத பிள்ளை பேசப் பிந்தும். பேசப் பிந்திய பிள்ளையை மந்தம் என்று ஊர் முத்திரை குத்தும். ஒரு செவிப் பரிசோதனை அந்த அநீதியைத் தடுத்துவிடும். உடல் எடையையும் சிறுவயது முதலே கட்டுக்குள் வைக்க வேண்டும். பரிவு மேலிட்டு அளவுக்கு மீறி ஊட்டும் ஒவ்வொரு கவளமும் பின்னாளில் அப்பிள்ளையின் முழங்காலும் முதுகெலும்பும் சுமக்க வேண்டிய பாரமாகும்.

புதிய ஊசி மருந்து

இனி, மேசை மீது கிடந்த அந்தக் காகிதங்களுக்கு வருவோம்.

நெடுங்காலமாக இக்குறைபாட்டின் மூலகாரணத்தைத் தொடும் மருந்தே இல்லாதிருந்தது. வளர்ச்சி ஹார்மோன் ஊசியைக் கொடுத்துப் பார்த்தனர். ஜப்பானில் அதற்கு ஒப்புதலும் உண்டு. ஆனால் இவர்களுக்குக் குறைவது ஹார்மோன் அன்று. ஆதலால் அதன் பயன் சிறிதளவே.

2021-ஆம் ஆண்டில் நிலை மாறியது. வோசோரிடைடு என்னும் மருந்துக்கு அவ்வாண்டு ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியமும் நவம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. உடலில் இயற்கையாகவே சுரக்கும் ஒரு புரதத்தைப் போன்று அமைக்கப்பட்டது இது. முன்னே கூறினோமே, விடாமல் அழுத்தும் தடுப்பு, அதன் அழுத்தத்தை இது தளர்த்துகிறது. அமெரிக்காவில் முதலில் ஐந்து வயது நிறைந்த பிள்ளைகளுக்கே வழங்கப்பட்டது. 2023-இல் எல்லா வயதுக் குழந்தைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. எலும்பு முனைத் தட்டுகள் மூடிய பின் இம்மருந்தால் பயனில்லை.

இதன் பயன் எவ்வளவு? ஏழு நாடுகளில் 121 பிள்ளைகளிடம் நடத்தப்பெற்று 2020-இல் வெளியான ஆய்வில், மருந்து பெற்றவர்கள் வெற்று ஊசி பெற்றவர்களைவிட ஓராண்டில் சராசரியாக 1.57 சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தனர். ஓராண்டுக் கணக்கில் இது விரற்கடையளவுதான். ஆனால் பல ஆண்டுகள் தொடருமாயின் அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடாகும்.

தட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்த ஊசியை நாள்தோறும் இட வேண்டும். வளர்ச்சி நிற்கும் வரை ஆண்டுக்கணக்கில் இட வேண்டும். ஆண்டுக்கு 365 ஊசி. சிறிது உணவும் போதிய நீரும் கொடுத்த பிறகே இட வேண்டும். ஏனெனில் இரத்த அழுத்தம் சற்று நேரம் இறங்கக் கூடும். ஊசி இட்ட இடத்தில் சிவந்து தடிப்பதும் உண்டு. முதலில் ஒப்புதல் தரப்பட்டது வளர்ச்சி வேகம் கூடியதை வைத்தேயாகும். தண்டுவட நெருக்கம், உறக்கத்தில் மூச்சுத்தடை, முதுகுவலி ஆகிய தொல்லைகளை இம்மருந்து தடுக்கும் என்பது அந்த ஆய்வில் நிறுவப்படவில்லை. விலையோ, அமெரிக்காவில் வெளிவந்தபோது ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலர் அளவினது. நம்மில் பெரும்பாலோர் கனவிலும் எண்ணிப் பார்க்க இயலாத தொகை அது.

இந்தியாவில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இல் வகுக்கப்பட்டு, சிறப்பு மையங்கள் குறிக்கப்பட்டுள்ளன. எந்தெந்த நோய்க்கு உதவி என்பது பட்டியலைப் பொறுத்தது. ஆதலால் செவிவழிச் செய்தியை நம்பி வீட்டையோ நகையையோ விற்க முனையாமல், அத்தகைய மையம் ஒன்றின் மரபணு மருத்துவரை நேரில் கண்டு விசாரிப்பதே முறை. "ஆறே மாதத்தில் உயரம்" என்று சுவரொட்டியிலும் கைப்பேசியிலும் விளம்பரமாகும் பொடிகளையும் லேகியங்களையும் தொடவே வேண்டா. மரபணுவில் அமைந்த மாற்றத்தைச் சத்துப் பொடி எதுவும் தீர்க்காது.

எலும்பை நீட்டும் அறுவை மருத்துவம்

மற்றொரு வழி அறுவை மருத்துவம். இதன் வரலாறு வியப்புக்குரியது. சைபீரியாவின் குர்கான் நகரில் பணியாற்றிய கவ்ரீல் இலிசாரோவ் என்னும் மருத்துவர், 1950-களில் முறிந்த எலும்புகளைப் பொருத்த ஒரு கருவியை உருவாக்கினார். கால்களைச் சுற்றி வளையங்களை அமைத்து, அவற்றிலிருந்து மெல்லிய கம்பிகளை எலும்பினூடே செலுத்தி நிறுத்தும் கருவி அது. எலும்பை அறுத்து, இரு முனைகளையும் மிக மெதுவாக விலக்கிக்கொண்டே வந்தால் இடைவெளியில் புதிய எலும்பு தானே முளைக்கிறது என்பதை அவர் கண்டார். காலில் ஆறாத முறிவுடன் அவரிடம் சென்ற இத்தாலிய மலையேறும் வீரர் கார்லோ மவுரி 1980-இல் குணம் பெற்றுத் திரும்பிய பிறகே மேலைநாடுகள் இம்முறையை அறிந்தன.

இம்முறையில் எலும்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் விலக்கப்படுகிறது. அதையும் கால் மில்லிமீட்டராக நான்கு வேளை திருகுவார்கள். நீண்ட எலும்பு கெட்டிப்படக் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்தால், ஒரு சென்டிமீட்டர் பெற ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை பிடிக்கும். எலும்பின் உள்ளேயே பொருத்தி நீட்டும் கோல்களும் இப்போது உண்டு. தொடை, முழங்காலின் கீழ்ப்பகுதி, மேற்கை எனப் பகுதி பகுதியாக, சில ஆண்டு இடைவெளியில் செய்தால் கால்களில் இருபது சென்டிமீட்டருக்கு மேலும் கூட்ட இயலும்.

ஆனால் எதைக் கொடுத்து இதைப் பெறுகிறோம்? கம்பி செல்லும் இடங்களில் சீழ்பிடித்தல், மூட்டு இறுகிப்போதல், நரம்பு பாதித்தல், எலும்பு கோணலாகச் சேர்தல் ஆகியன நிகழலாம். மாதக்கணக்கில் நாள்தோறும் வலியோடு உடற்பயிற்சி செய்ய வேண்டும். பள்ளி ஆண்டுகள் கழியும். விளையாட வேண்டிய வயது கட்டிலில் போகும். வெற்றியாக முடிந்தாலும், குறுகிய தண்டுவடத் துளையையோ நடுக்காதையோ இது சீர்செய்வதில்லை. எலும்பு நீளும், குறைபாடு அப்படியே இருக்கும்.

இருப்பினும் உயரத்திற்காக மட்டுமே இதனைச் செய்கிறார்கள் என்று எண்ணலாகாது. மேற்கை குறுகியிருப்பதால் தன் உடலைத் தானே கழுவிக்கொள்ளக் கை எட்டாத பிள்ளைகள் உண்டு. பத்து வயதிலும் பள்ளியில் கழிப்பறைக்குச் செல்ல அஞ்சி, காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடும் பிள்ளையின் துன்பத்தை எண்ணிப் பாருங்கள். மேற்கையைச் சில சென்டிமீட்டர் நீட்டுவது அப்பிள்ளைக்கு அழகு அன்று; தன்மானம். வில்லாய் வளைந்து வலிக்கும் கால்களை நேராக்கும் சிறு அறுவையும் இவ்வகையைச் சேர்ந்ததே. எனவே "அறுவையே கூடாது" என்பதும் தவறு; "எப்படியேனும் உயரமாக்கு" என்பதும் தவறு.

அப்படியே வாழ்வதும் ஒரு வழியே

மூன்றாவது வழி, உயரத்திற்கென எதையும் செய்யாதிருப்பது. இதனைப் பெற்றோரின் அலட்சியம் என்று உறவினர் கருதலாம். அது சரியன்று. மூச்சு, காது, முதுகு, எடை ஆகிய அனைத்தையும் விழிப்புடன் காத்துக்கொண்டு, உயரத்தை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்வது பொறுப்புள்ள ஒரு முடிவேயாகும்.

அமெரிக்காவில் பில்லி பார்ட்டி என்னும் நடிகர், தம்மைப் போன்று உயரம் குறைந்தவர்களை 1957-இல் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் ஒன்றுகூட்டினார். அதிலிருந்து வளர்ந்ததே அந்நாட்டின் உயரம் குறைந்தோர் சங்கம். எலும்பு நீட்டும் அறுவை பரவியபோதும், பின்னர் புதிய ஊசி வந்தபோதும், அத்தகைய சங்கங்களில் கடும் விவாதம் எழுந்தது. "நாங்கள் திருத்தப்பட வேண்டிய பிழைகளா?" என்று ஒரு சாரார் கேட்டனர். "வலியில்லாமல் வாழ எங்கள் பிள்ளைகளுக்கு உரிமை இல்லையா?" என்று மறுசாரார் கேட்டனர். இரண்டும் செவிசாய்க்க வேண்டிய குரல்களே.

எகிப்தில் கீசாவின் கல்லறைகளில் 1926-இல் ஒரு சிலை அகழ்ந்தெடுக்கப்பட்டது. நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது அது. செனெப் என்னும் அரசவை அதிகாரி காலை மடித்து அமர்ந்திருக்கிறார். இயல்பான உயரமுள்ள மனைவி அவர் தோளை அணைத்திருக்கிறாள். அவருடைய கால்கள் தொங்க வேண்டிய இடத்தில் அவர்களுடைய இரு பிள்ளைகள் நிற்கிறார்கள். குறுகிய கை கால்களுடைய ஒரு மனிதர், பதவியும் மதிப்பும் இல்லறமும் பெற்று வாழ்ந்தார் என்பதற்கு அக்கல் இன்றும் சான்றாக நிற்கிறது.

முடிவெடுக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

ஆகவே எந்த வழியில் செல்வது? எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லை. ஆனால் எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் உண்டு.

முதலாவது: இந்தச் சிகிச்சை யாருடைய துன்பத்தைத் தீர்க்கிறது? பிள்ளையின் துன்பத்தையா, அல்லது உறவினர் முன் தலைகுனிவதாக எண்ணும் நம் துன்பத்தையா? மனச்சான்றுக்கு முன் நின்று விடை சொல்ல வேண்டிய கேள்வி இது.

இரண்டாவது: இதனால் என் பிள்ளை இன்று செய்ய இயலாத எதைச் செய்ய இயலும்? "உயரமாவான்" என்பது விடை ஆகாது. "தானே குளிப்பான்", "வலியின்றி ஒரு கிலோமீட்டர் நடப்பான்" என்பதே விடை.

மூன்றாவது: இது காத்திருக்கக் கூடியதா? தண்டுவட நெருக்கம் காத்திராது. ஊசி மருந்தும் வளர்ச்சி நிற்கும் முன்னரே தொடங்க வேண்டியது. ஆனால் எலும்பு நீட்டும் அறுவை, பிள்ளை வளர்ந்து தானே பொருளறிந்து "சரி" என்றோ "வேண்டா" என்றோ சொல்லும் வரை பெரும்பாலும் காத்திருக்கக் கூடியது. காத்திருக்கக் கூடியதைக் காத்திருந்து அவனையே கேட்பது அவனுக்கு நாம் செலுத்தும் மரியாதை.

நான்காவது: இந்த அறுவையை இம்மருத்துவர் இதே குறைபாடுள்ள எத்தனை பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறார்? அவர்களுள் எவருக்கு என்ன இடர் நேர்ந்தது? இக்கேள்விக்குச் சினம் கொள்ளும் மருத்துவரை விட்டு வேறொருவரைத் தேடுவதில் தவறில்லை. மயக்க மருந்து கொடுப்பவருக்கும் இவர்களுடைய கழுத்து, மூச்சுக்குழல் அமைப்பைப் பற்றிய பட்டறிவு வேண்டும்.

ஐந்தாவது: இதனால் வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகள் எதை இழப்பார்கள்? அவர்களும் நம் பிள்ளைகளே.

இவை அனைத்துக்கும் மேலாக ஒன்று செய்யுங்கள். இதே நிலையுடன் வளர்ந்து ஆளான ஒருவரையேனும் நேரில் கண்டு பேசுங்கள். மருத்துவ நூல்கள் சொல்லாத பலவற்றை அவர் சொல்வார். உங்கள் பிள்ளையும் தன் எதிர்காலம் எப்படியிருக்கும் என்பதை ஒரு மனித உருவில் காணும்.

வீடும் பள்ளியும் சட்டமும்

சிகிச்சை எதுவாயினும், வீட்டில் இன்றே செய்யத்தக்கவை பல. கை கழுவும் தொட்டியருகே ஒரு முக்காலி. எட்டும் உயரத்தில் விளக்குச் சுவிட்சும் கதவுத் தாழ்ப்பாளும். பள்ளியில் கால் தொங்காமல் ஊன்றிக்கொள்ள ஒரு பலகை. கால் தொங்கியபடி நாள் முழுதும் அமர்ந்தால் முதுகும் தொடையும் மரத்துவிடும். ஆசிரியரிடம் சொன்னால் ஒரு தச்சரின் அரைநாள் வேலையில் முடியும் காரியம் இது.

உயரத்தைப் பார்த்து வயதைக் கணிப்பது நம் எல்லோரிடமும் உள்ள பழக்கம். பத்து வயதுப் பிள்ளையை ஐந்து வயதுக் குழந்தையாகக் கொஞ்சுவதும், தூக்கி இடுப்பில் வைப்பதும் அன்பினால்தான். ஆனால் அவனுக்கு அது அவமதிப்பு. அவன் வயதுக்குரிய பொறுப்பைக் கொடுங்கள். அவன் வயதுக்குரிய கண்டிப்பையும் கொடுங்கள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும் திருநாள் நாடகத்திலும் வேடிக்கை வேடத்தை மட்டுமே அவனுக்கென ஒதுக்காதீர்கள். யாரேனும் பெயர் வைத்துக் கேலி செய்தால், "அவர்கள் கெட்டவர்கள், நீ போகாதே" என்று வீட்டில் பூட்டாமல், "என் எலும்பு மெதுவாக வளர்கிறது; பிறவியிலேயே அப்படி" என்று நேர்நின்று சொல்லும் ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுங்கள்.

சட்டமும் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வளர்ந்த பின் 147 சென்டிமீட்டர், அதாவது 4 அடி 10 அங்குலம் அல்லது அதற்குக் குறைவான உயரமே அடையும் நிலையை இயலாமைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதது என மருத்துவச் சான்று பெற்றவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியும், உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டு இடமும் உண்டு. அரசுப் பணியிலும் இவர்கள் உள்ளிட்ட பிரிவினருக்கு ஒதுக்கீடு உண்டு. அடையாள அட்டை பெறுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. அது பிச்சை அன்று, உரிமை.

மீண்டும் அந்த மேசைக்கு

காகிதங்களை மடித்து வைக்கிறார்கள் அந்தக் கணவனும் மனைவியும். பேசி முடித்தது இவ்வளவே: வரும் மாதம் உறக்க ஆய்வும் செவிப் பரிசோதனையும் செய்வது, ஊசி மருந்தைப் பற்றிச் சிறப்பு மையத்தில் நேரில் விசாரிப்பது, எலும்பு நீட்டும் அறுவையை இப்போது எடுக்காமல், அவன் வளர்ந்தபின் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லி, அவனையே கேட்பது.

"பின்னாளில் அவன் நம்மைக் கேட்டால்?" என்கிறாள் மனைவி மறுபடியும்.

"உன்னைப் பற்றி ஒவ்வோர் இரவும் யோசித்தோம், உனக்குத் தெரியாமல் எதையும் செய்யவில்லை என்று சொல்வோம்" என்கிறான் கணவன்.

பெற்றோர் தரக்கூடிய விடை அதுவே. எந்த வழியைத் தேர்ந்தாலும் ஏதோ ஓர் ஐயம் மிஞ்சத்தான் செய்யும். அறிய வேண்டியதை அறிந்து, கேட்க வேண்டியவரைக் கேட்டு, அன்பினால் முடிவெடுத்தவர்கள் அந்த ஐயத்துக்காகத் தங்களை வருத்திக்கொள்ள வேண்டுவதில்லை.

மறுநாள் காலை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று, தானே குழாயைத் திறந்து முகம் கழுவுகிறான் பிள்ளை. பிறகு இறங்கி, தங்கைக்கு எட்டவில்லை என்று அவளுக்கும் அதே முக்காலியைத் தள்ளிக் கொடுக்கிறான்.